டெல்பின் வாசலுக்கு நான் அனுப்பும் ஆட்கள்

அந்த ஷட்டர இறக்கி விடு பிள்ளே, காத்து மண்ணோட வந்து பிள்ள மூஞ்சியில அடிக்கி. தூங்குதா? தூங்கட்டும். கண்டக்டர் எங்க இறங்கணும்னு கேட்டதுக்கு, இந்த பஸ்ஸு எதுவரைக்கும் போவும்னு நீ திருப்பிக் கேட்ட பாரு, அப்பவே எனக்கு விளங்கிப் போச்சு. கையில ஒரு கட்டைப்பை, மடியில ஒரு பிள்ள, கழுத்துல ஒண்ணுமில்ல. நீ எதுவும் சொல்ல வேண்டாம், நானும் கேக்க மாட்டேன். என் மக அமலோற்பவமும் இப்படித்தான் ஒருநா பஸ்ஸ விட்டு இறங்கி வந்து நின்னா. அவளுக்கு ரெண்டு பிள்ளைய.

நீ கடைசி வரைக்கும் போவாத. தேரிவிளையில இறங்கு, இன்னும் அஞ்சு ஸ்டாப்பு இருக்கு. கோவிலுக்குப் பின்னால பச்சைக் கதவு போட்ட மாடி வீடு. டெல்பின் வீடுன்னு கேட்டா யாரும் காட்டுவாவ. கதவத் தட்டு. பசிக்குன்னு சொல்லு. படுக்க இடமில்லன்னும் சொல்லு, அத விட்டுராத. அவ குடுத்துத்தான் ஆவணும்.

என்னைய நல்லவன்னு நெனச்சிராத பிள்ளே. இரக்கப்பட்டு அனுப்பல. அவளப் பழி வாங்கதுக்கு அனுப்புதேன். எட்டு மாசமா இதே வேலையாத்தான் இருக்கேன், இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கல.

சொல்லுதேன் கேளு. எங்க கோவில் எலிசபெத்தம்மா கோவில். நீ நம்ம வேதமோ என்னமோ, தெரியாதுன்னா தெரிஞ்சிக்கோ. அவ உங்கேரி தேசத்து ராசா மக. நாலு வயசுலயே இன்னொரு அரமனைக்கு மருமகளாக் கொண்டு போயிட்டாவ. ராணியாயிட்டா, ஆனா மனசு பூரா ஏழைபாழைய மேலதான். பஞ்சம் வந்தப்ப ராசா ஊருல இல்ல, இவ அரமனைக் களஞ்சியத்தத் தெறந்து விட்டுட்டா. நோயாளியத் தூக்கியாந்து ராசா கட்டில்லயே படுக்க வச்சா. மேலங்கிக்குள்ள ரொட்டிய மறைச்சி எடுத்துக்கிட்டு மலையிறங்கிப் போவா. ஒருநா ராசா வழிமறிச்சி, என்னத்த ஒளிக்க, காட்டுன்னு அங்கியப் பிடிச்சி இழுத்தா, உள்ள அத்தனையும் ரோசாப்பூ. அப்படி ஒரு அற்புதம், ஒரு புதுமை நடந்துச்சின்னு சொல்லுவாவ.

பெறவு ராசா சண்டைக்குப் போன எடத்துல காய்ச்சல்ல செத்துட்டாரு. கொழுந்தன்காரன் இவளையும் பிள்ளையளையும் வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டான். பன்னி கெடக்க கொட்டடியில படுத்தா ராணி. அப்பவும் கோவிலுக்குப் போயி சாமியாரக் கூப்பிட்டு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் பாடுங்கன்னாளாம். என்னால ஆவாதும்மா. நான்னா அந்தக் கதவ ஒடைச்சிருப்பேன்.

நவம்பர் மாசத் திருவிழாவுல எட்டாந் திருநாள் சாயங்காலம் இதத்தான் நாடகமாப் போடுவாவ. எலிசபெத்து வேஷத்த நெனச்சவ கட்ட முடியாது. அது ஒரு குடும்பத்து நேர்ச்சை. டெல்பினோட மாமியா கட்டினா, அவ போன பெறவு டெல்பின் கட்டுதா. நாப்பது நாளு கவிச்சி தொடக்கூடாது, கால்ல செருப்புப் போடக்கூடாது. இன்னொரு கட்டுப்பாடு இருக்கு. வேஷத்தோட நின்னு, கோவில் கொடி இறங்குததுக்கு முந்தி, எழுதி வச்சதத் தாண்டி சொந்த வாயால ஒரு வாக்கு சொல்லிட்டா, அது சொன்னவளுக்கு நேர்ச்சை. செஞ்சே தீரணும். இவ மாமியா ஒரு வருசம் பாட்டு மறந்து போயி முழிச்சிக்கிட்டு நின்னவ, சமாளிக்கதுக்கு, மக்களே உங்களுக்குக் கிணறு வெட்டித் தாரேன்னுட்டா. வெட்டினாளே! அந்தக் கிணத்துல இன்னைக்கும் ஊரு தண்ணி இறைக்கி. அதுலருந்து வேஷக்காரி ஒரு வார்த்த கூடுதலாப் பேச மாட்டா.

அந்த மேலங்கி தைக்கது நான். இந்தப் பிரகாசியம்மா கையிலதான் அந்தப் புதுமையே இருக்கு. இப்பவும் டவுனுல ஜாக்கெட் தைக்க கடைக்குத்தான் தெனம் போயி வாரேன், இதே பஸ்ஸுதான். என் வீடு தேரிவிளைக்கு அடுத்த ஸ்டாப்பு.

பிள்ள முழிச்சிட்டா? இந்தா, இந்த முறுக்கக் குடு. ஒண்ணு போதும், ரெண்டு குடுக்காத. பசியோட போயி நின்னாத்தான் அவளுக்குக் கை கடுக்கும்.

டெல்பினுக்கு நான் என்ன முறை தெரியுமா? அவ புருசனோட தம்பி ராயப்பன்தான் என் மருமவன். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ரெண்டு மருமவளுவ. டெல்பின் புருசன் கப்பல்ல இருக்காரு, வருசத்துக்கு ஒரு வாட்டி வருவாரு. ராயப்பன் கொத்தனாரு. அந்த வீட்டுப் பின்பக்கத்து ரூம்ப அவனே கட்டி, அவனே பூசினான். போன வருசம் ஆனி மாசம் சாரம் சரிஞ்சி விழுந்து போயிட்டான். முப்பத்தொரு வயசு. என் மக ரெண்டு பொட்டப் பிள்ளையளோட நின்னா.

நாலாம் மாசம் டெல்பின் அவகிட்ட, அமலி, வீட்டுல இடம் காணல, கொஞ்ச நாளு உங்கம்மா வீட்டுல இருந்துட்டு வாயேன்னாளாம். கொஞ்ச நாளாம்! பெட்டி, பாயி, பிள்ளைய புஸ்தகப்பை எல்லாத்தையும் முத்தத்துல வச்சிட்டுக் கதவச் சாத்தினா. ஐப்பசி அடைமழை. என் வீட்டுக்கு வந்து சேரும்போது பிள்ளைய ஒதடு நீலம் பாரிச்சிப் போயிருந்துச்சி. எப்ப செஞ்சா தெரியுமா? வேஷத்துக்கு நாப்பது நாளு சுத்தமா இருக்காளே, அதுல பன்னெண்டாம் நாளு. கவிச்சி தொட மாட்டா, செருப்புப் போட மாட்டா, தாலியறுத்தவள மழையில தள்ளுவா. அது விரதத்துல சேராது போலருக்கு.

அதுக்குப் பெறவும் அங்கிய எங்கிட்டதான் குடுத்து விடுதா. தோள்பட்ட லூசா இருக்கு சித்தி, பிடிச்சித் தாங்கன்னு சேதி வேற. இவ மேடையில ஏறி, கொழுந்தன் கழுத்தப் பிடிச்சித் தள்ளுவான், இவ ரெண்டு பிள்ளையளக் கையில பிடிச்சிக்கிட்டு, 'எந்த வாசல் எனக்குத் திறக்கும்'னு பாடுவா, ஊரு பூரா மூக்கச் சிந்தும். என் மகளும் கீழ உக்காந்து பாக்கணும். எப்படி இருக்கும்? நீ சொல்லு, எப்படி இருக்கும்?

நான் அங்கிய வாங்கி வச்சேன். அதுக்குள்ள ரெண்டு பை உண்டு. வலது பக்கம் ரொட்டிப் பை. சனங்க பாக்க பன்னெண்டு பன்னு எடுத்து அதுல போடுவா. இடது பக்கம் பூப்பை. அத நானே ரோசாப்பூவால நெறச்சி, வாய ஒத்த இழையில சும்மா ஓட்டி வச்சிருப்பேன். ராசா இழுத்ததும் இழை அறுந்து பூ கொட்டும், ரொட்டி உள்ளயே இருந்துரும். ஊருல எல்லாருக்கும் இது தெரியும். தெரிஞ்சாலும் பூ கொட்டும்போது கை எடுத்துக் கும்புடுவாவ.

அந்த வருசம் பூப்பையோட வாய மீன்வலை நரம்பு வச்சி ரெட்டைத் தையல் போட்டேன். ஆனை இழுத்தாலும் பிரியாது. ரொட்டிப் பையோட அடித் தையலப் பிரிச்சி ஒத்த இழையில விட்டேன். ரொட்டி விழணும், ஊரு முன்னால அவ திருடி மாதிரி முழிக்கணும். எலிசபெத்தம்மா இவள ஏத்துக்கலன்னு ஊரு சொல்லணும். வேஷம் அவ கையிலருந்து பறிபோவணும். பெறவு பஞ்சாயத்துல பேசி என் மகளுக்கு அந்த ரூம்ப வாங்கிறலாம். இதுதான் என் கணக்கு. ஒவ்வொரு குத்துக்கும் அவ பேரச் சொல்லித்தான் ஊசிய இறக்கினேன்.

நாடகம் நடக்கு. நான் திரைக்குப் பக்கத்துல நிக்கேன். ராசா வேஷம் இஞ்ஞாசி வாத்தியாரு, முப்பது வருசமா அவருதான் ராசா. 'அங்கிக்குள் ஒளிப்பதென்ன அரசியே'ன்னு பாடிக்கிட்டு வந்து வெடுக்குன்னு இழுத்தாரு. பொலபொலன்னு பன்னு கொட்டுச்சி. ஒண்ணு உருண்டு மேளக்காரன் காலுக்குப் போச்சு. வாத்தியாருக்குப் பழகின வாயி பாரு, கையில ஒரு பன்ன வச்சிக்கிட்டே, 'ஆகா! ரோஜா மலர்கள்! என்னே புதுமை!'ங்காரு.

சிரிப்புன்னா சிரிப்பு, பந்தலே குலுங்கிச்சி. விசிலு அடிக்கானுவ. எனக்கு உள்ள குளுந்து போச்சு பிள்ளே. பொய் சொல்லல, என் கலியாணத்தன்னைக்குக் கூட அப்படி ஒரு சந்தோசம் இல்ல.

டெல்பின் கீழ கெடந்த பன்னப் பாத்தா. அங்கிக்குள்ள கைய விட்டுத் தடவினா. அந்த நரம்புத் தையல் அவ வெரல்ல தட்டுப்பட்டிருக்கும். நேராத் திரும்பி என்னையப் பாத்தா. நானும் பாத்தேன். சிரிச்சேன். ஆமாட்டி, நான்தான்னு சொல்லுத மாதிரி சிரிச்சேன்.

அவ குனிஞ்சி ஒரு பன்ன எடுத்தா. மண்ணத் தட்டினா. பாட்டுமில்ல, வசனமுமில்ல, நம்ம வீட்டுல பேசுத மாதிரி பேசினா.

"ரொட்டிதான் ராசாவே. பூ இல்ல. பசிச்சவ பூவ வச்சி என்ன பண்ணுவா? என் வாசல்ல வந்து பசின்னு நிக்க யாரும் வெறுங்கையோட போவ மாட்டாவ. இடமில்லன்னு வந்தவள நான் இனிமே..." பாதியில நிறுத்தி, பன்னுல இல்லாத மண்ண இன்னொரு வாட்டி தட்டினா. "இனிமே திருப்பி அனுப்ப மாட்டேன்"ன்னா.

நடிப்பு. பாதியில நிறுத்தினது, கண்ணு கலங்கினது, மண்ணு தட்டினது, எல்லாம் நடிப்பு. பதினோரு வருசமா நடிக்கவளுக்கு இது வராதா?

விசிலடிச்சவனுவ வாயிலருந்து வெரல எடுத்துட்டானுவ. பின்னாலருந்து ஒரு கெழவன் எந்திரிச்சான். "ஏ, பூவுல்லா வச்சிருந்தாவ! பூவு ரொட்டியாயிருக்கு! எலிசபெத்தம்மா புதுமை!"ன்னு கத்தினான். அவ்வளவுதான். ஆணும் பொண்ணும் முட்டங்கால் போட்டுட்டாவ. கீழ விழுந்த பன்னப் பிச்சிப் பிச்சி பிரசாதம் மாதிரி வாங்கித் திங்காவ. வாத்தியாரு கிரீடத்தக் கழத்திட்டு அழுதாரு. நான் எங்க போயி சொல்ல, அது புதுமை இல்ல, என் தையலுன்னு? சொன்னா என்னையக் கல்லெடுத்து அடிப்பாவ. சொல்லலன்னா அவ புனிதை. எப்படி மாட்டிக்கிட்டேன் பாத்தியா?

அதைவிட என் மக. கூட்டத்துல உக்காந்து டெல்பினப் பாத்து ஏங்கி ஏங்கி அழுதா. யாருக்காவ அழுத, மூதி? உன்னையத் தள்ளினவளுக்காவவா?

நாடகம் முடிஞ்சி அங்கியக் கொண்டாந்து அவளே எங்கையில குடுத்தா. "சித்தி, பூ உள்ள இருக்கு. வாடிப் போவும், பிரிச்சி எடுத்துருங்க"ன்னா. யாருகிட்டயும் என்னையக் காட்டிக் குடுக்கல, இன்னைக்கு வரைக்கும் இல்ல. எவ்வளவு கள்ளத்தனம் பாரு. வாயத் தெறந்து ஒரு ஏச்சு ஏசியிருந்தா அன்னைக்கே மயிரப் பிடிச்சித் தீத்திருப்பேன். அதுக்கும் வழி வைக்கல.

மறுநாளு காலையில பல்லு வெளக்கும்போதுதான் எனக்கு உறைச்சிச்சி. அடியே, அவ வாக்கு சொல்லியிருக்கா! கொடி இறங்கல, வேஷம் கலையல. எழுதாத வாக்கு. நேர்ச்சை! வாயால சொல்லது லேசு, செய்யட்டும் பாப்போம்னு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடக்கவுக, மழையில வேலையில்லாத உப்பளத்துப் பொம்பளைய, மகன் சோறு போடாத கெழடு கெட்டைய, ஒவ்வொருத்தர் கிட்டயும் போயி, தேரிவிளை டெல்பின் வீட்டுக்குப் போங்க, நேர்ச்சை இருக்குன்னு சொன்னேன். மொத நாளு அஞ்சு பேரு. மறுவாரம் இருவது. கிறிஸ்மஸுக்கு முன்னால நாப்பத்தி மூணு.

டெல்பின் ஒருநா கதவப் பூட்டிப் பாத்தா. கோவில் உபதேசியாரு வந்து, ஏம்மா, வேஷத்தோட சொன்ன வாக்குன்னு ஞாபகப்படுத்தினாரு. தெறந்துட்டா. தெறக்காம எங்க போவா? ஒடம்பெல்லாம் புண்ணு வச்ச ஒருத்தன், கிட்ட போவ முடியாது, அப்படி ஒரு நாத்தம். அவன நாலு நாளாத் தேடிப் பிடிச்சி அனுப்பினேன். டெல்பின் கொமட்டிக்கிட்டு ஓடுவான்னு பாத்தா, வெந்நி வச்சிக் கழுவி மருந்து போட்டாளாம். ராத்தங்கவும் விட்டாளாம். படம் காட்டுதா, வேறென்ன? அவ கை ரெண்டும் கஞ்சிப் பானையில சுட்டுப் பொத்துப் போச்சின்னு கேள்விப்பட்ட அன்னைக்கி நான் சக்கரை கூடப் போட்டு காப்பி குடிச்சேன்.

இப்படி நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சி. ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்துல ஒருநா உச்சி வெயில்ல அவ எங்க வீட்டு முத்தத்துல வந்து நிக்கா. கையில துணி சுத்தியிருக்கா. செருப்பு இல்ல, நாப்பது நாளு முடிஞ்சி எத்தனை மாசம் ஆவுது, இன்னும் செருப்பு இல்ல. என்னையப் பாக்கல, என் மகளத்தான் பாத்தா.

"அமலி, ஒத்தையில முடியலட்டி. வந்துரு. உன் ரூம்பு உனக்குத்தான், தொடச்சிப் போட்டிருக்கேன். அன்னைக்கு நான் செஞ்சது..."

என்னமோ சொன்னா. எனக்குக் கேக்கல, நான் கத்திக்கிட்டுல்லா இருந்தேன். மன்னிப்புக் கேட்டாளா கேக்கலியா, எனக்குத் தெரியாது. கால்ல விழுந்தாப்லயும் இருந்துச்சி. வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு நான் ஓடி வாரதுக்குள்ள என் மக பெட்டியக் கட்டிட்டா. "அம்மா, நாப்பது பேரு பசியோட நிக்காவம்மா"ங்கா. நான் அனுப்பின நாப்பது பேருட்டி அது! எங்கிட்டயே சொல்லுதா!

போயிட்டா. ரூம்பு கெடச்சிட்டு. ஆமா, நான் அதுக்குத்தான் பாடுபட்டேன், இல்லங்கல. ஆனா அவ கையால தந்தா எடுத்துக்கிறதா? நான் பிடுங்கித் தந்திருக்கணும். அன்னைக்கே சத்தியம் பண்ணிட்டேன், அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு. கோவிலுக்கும் போறதில்ல. போனா சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும், செஞ்ச பாவத்துக்கு வருத்தப்படுத மனஸ்தாபம் இல்லாம எப்படிப் பண்ண? எனக்கு மனஸ்தாபம் இல்ல.

அமலி ரெண்டு வாட்டி என்னையப் பாக்க வந்தா. தெறக்கல. ரெண்டாவது வாட்டி கோடை மழை பிடிச்சிக்கிட்டு, பிள்ளையளக் கையில பிடிச்சிக்கிட்டு வெளிய நின்னு கூப்பிட்டா, கூப்பிட்டா. தெறக்கல. நீ அப்படிப் பாக்காத பிள்ளே. அது வேற. டெல்பின் செஞ்சது கொடுமை. நான் செஞ்சது வைராக்கியம்.

அந்தா கோவில் கோபுரம் தெரியிது, எந்திரி. பையத் தா, நான் பிடிக்கேன். நான் அனுப்பினேன்னு சொல்லாத. சும்மா பசின்னு சொல்லு. அடுப்பு பக்கத்துல ஒசரமா ஒருத்தி கஞ்சி ஊத்திக்கிட்டு நிப்பா, இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். அவதான் என் மக. நீ ஒண்ணும் பேச வேண்டாம். மெலிஞ்சிருக்காளா, ஊருக்கெல்லாம் ஊத்திட்டு அவ சாப்பிடுதாளா, அத மட்டும் பாத்து வையி. நாளைக்கு இதே நேரத்துக்கு பஸ்ஸு வரும், ஸ்டாப்புல நின்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லு. அனுப்பினவளுவ ஒருத்தியும் திரும்பி வந்து சொல்ல மாட்டேங்கா, வயிறு நெறஞ்சதும் மறந்துருதாளுவ.

அவ முகம் தெளிச்சியா இருந்தா, டெல்பின்கூட சிரிச்சிப் பேசிக்கிட்டு நின்னா, அத மட்டும் எங்கிட்ட சொல்லிராத. கேட்டா எனக்கும் அங்க போவணும்னு தோணிரும். பெறவு நான் யாரப் பழி வாங்க?

கண்டக்டர் தம்பி, விசில் ஊதாத, பிள்ளக்காரி இறங்குதா. பாத்து இறங்கு. பிள்ள தலையில இடிச்சிராத. போ, அந்தச் சந்துதான்.

ஏ பிள்ளே! சிரிச்சிக்கிட்டு இருந்தாலும் வந்து சொல்லிரு.